மானுக்கு வைத்த கேமரா

போனை எடுத்ததும் என் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "மான் வந்துச்சா?" என்றுதான். சாப்பிட்டாயா, மழை பெய்ததா, மகள் பேசினாளா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வந்துச்சி. வூட்டுக்குள்ள வந்து டீ குடிச்சிட்டு, உங்கள ரொம்பக் கேட்டதா சொல்ல சொல்லிட்டுப் போச்சி" என்பேன். அவர் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் அப்படிப் பேசுகிறேன்.

அவர் வளைகுடாவில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கிளம்பியவர். வீடு கட்ட ஒரு அக்ரிமென்ட், மகளைப் படிக்கவைக்க ஒன்று, கட்டிக்கொடுக்க ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார். இடையிடையே லீவில் வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பப் போகும் நாள் வந்துவிடும். வீடு கட்டியாயிற்று. மகளைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. இப்போது வீட்டில் நானும் என் தையல் மிஷினும்தான். ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் என்னிடம்தான் வரும். பேச ஆள் இல்லாத குறையை அவர்களிடம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறேன்.

ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊரின் கடைசி நிலம் எங்கள் கொல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் காடு ஆரம்பித்துவிடும். மழையை நம்பி மல்லாட்டை போடுவோம். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே, அதுதான். கொல்லைக்கு ஓரமாக ஒரு கிணறு, மோட்டார் ரூம், அதை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி. புள்ளிமான்கள் அந்தத் தொட்டிக்கு வரும். ஒரு காலத்தில் நிறைய வந்தன.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் என்னை அங்கே கூட்டிப்போனார். "ஒண்ணு காட்டறேன் வா" என்றார். புதுப்பெண்டாட்டிக்கு என்னவோ காட்டப்போகிறார் என்று நானும் பூ வைத்துக்கொண்டு போனேன். மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் உட்காரவைத்து, பேசக் கூடாது, வளையல் சத்தம் வரக் கூடாது என்று என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கொசு பிடுங்கியது. வெகுநேரம் கழித்து வேலியோரச் செடிகள் அசைந்தன. ஒரு பெட்டை மான் தலையை நீட்டி, காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பின்னாலேயே குட்டி. அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மான் போன இடம் தெரியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையை விடவும் இல்லை. நான் மானைச் சரியாகப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் பேசும்போது, தையோடு இந்த அக்ரிமென்ட் முடிகிறது என்றார். "திரும்பப் போடறதா, வர்றதானு ஒண்ணும் புரியல" என்றார். என் வாயில் வந்தது, "உங்களுக்கு எது தோதோ அத செய்ங்க" என்பது. போனை வைத்ததும் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எனக்கு அவர் வந்துவிட வேண்டும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுவிடும் சத்தம் வேண்டும், சாம்பாரில் உப்பு பற்றவில்லை என்று குறை சொல்ல ஒரு வாய் வேண்டும். ஆனால் "வாங்க" என்று நானாகக் கேட்க எனக்கு ரோஷம். என்னைக் கேட்டுக்கொண்டா போனார்? தானாகப் போன மனுஷன் தானாக வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கேமரா வந்தது. அவரோடு ரூமில் தங்கியிருக்கும் வாணியம்பாடி பாய் ஒருவர் லீவில் வந்தபோது, பேரீச்சம்பழத்தோடும் ஒரு கம்பளியோடும் கொண்டுவந்து கொடுத்தார். சின்ன டிபன் பாக்ஸ் அளவு, பச்சை நிறம், மேலே இலை இலையாக வரைந்திருந்தது. மரத்தில் கட்டிவிட்டால் எதிரே ஏதாவது நடமாடும்போது தானே படம் எடுக்குமாம். "எங்க ரூம்ல டெய்லி மான் கதைதாம்மா. நீங்க ஒரு போட்டோ அனுப்பினா நாங்களும் நிம்மதியா தூங்குவோம்" என்றார் பாய்.

அவர் போனதும் யோசித்தேன். நான் கூப்பிட்டால்தானே மானம் போகிறது? மான் கூப்பிடட்டுமே. தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மானின் படத்தைப் பார்த்தால் இந்த மனுஷனால் அந்த மணல்காட்டில் ஒரு நாள் இருக்க முடியுமா? கையெழுத்தாவது ஒன்றாவது, அடுத்த பிளேனில் வந்து நிற்பார். தை பிறப்பதற்குள் ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும். சக்களத்தியின் காலில் விழுவது போலத்தான், ஆனாலும் விழுந்தேன்.

கட்டுவதற்கு முன்பே வீடியோ காலில் பாடம் ஆரம்பித்தது. "காட்டுக்குள்ள கட்டிடாதமே, பாரஸ்ட்காரங்க சும்மா வுடமாட்டாங்க. நம்ம வரப்புக்குள்ளயே கட்டு. யாராண்டயும் சொல்லாத, மான் வருதுனு தெரிஞ்சா கண்ணி வெச்சிடுவானுங்க" என்றார். கேமராவைத் திறந்து காட்டச் சொன்னார். மேலே இருப்பது படம் எடுக்கும் கண்ணாடி. நடுவில் பொடிப்பொடியான பல்புகள், அது இருட்டில் எடுப்பதற்கு. கீழே பால் நிறத்தில் ஒரு வில்லை, அது உடம்புச் சூடு நகர்வதைக் கண்டுபிடிப்பதற்கு. அந்த வில்லைக்குச் சூடு தெரிந்தால்தான் கேமரா கண்ணைத் திறக்கும்.

உள்ளே கடிகாரம் எங்கள் நேரத்துக்கு ரொம்பப் பின்னால் காட்டியது. அனுப்புவதற்கு முன் அங்கேயே பேட்டரி செல் போட்டுப் பார்த்திருக்கிறார், அந்த ஊர் நேரம் அதில் நின்றுவிட்டது. "மொதல்ல டைம மாத்து" என்றார். மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன். எங்கள் கொல்லையில் ஒன்றாவது அவருடைய நேரத்தில் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொட்டிக்கு எதிரே, தெற்குப் பக்கம் ஒரு புங்கமரம். அதில் கிழக்கு பார்த்துக் கட்டினேன். நல்ல காரியத்துக்கு வைப்பதை யாராவது வேறு திசை பார்த்து வைப்பார்களா? காலை வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்து, படமெல்லாம் வெளுத்துப்போன வேட்டியாக வந்தது. "சாமி போட்டோவாமே அது, கெழக்கால வெக்கறதுக்கு? வடக்கால திருப்பு" என்று சிரித்தார். திருப்பினேன். ஆடு உரசிவிடும் என்று என் தலை உயரத்துக்கு மேலே கட்டியிருந்ததையும் அவிழ்த்து இடுப்பு உயரத்துக்கு இறக்கினேன். தொட்டிக்கு நேராக வைக்காமல், வேலியிலிருந்து வரும் தடத்தைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொன்னார். நேராக வைத்தால் கேமரா விழிப்பதற்குள் மான் கடந்து போய்விடும், வாலைத்தான் எடுக்கும் என்றார்.

அடுத்தது போட்டோவா வீடியோவா என்று பெரிய பஞ்சாயத்து. எனக்கு வீடியோ வேண்டும். மான் தண்ணீர் குடிக்கிற சத்தம் அவர் காதில் விழ வேண்டும், வயிறு எரிய வேண்டும். "செல் சீக்கிரம் தீந்துடும். போட்டோவே வெய்யி, ஒரு வாட்டிக்கு மூணு எடுக்கற மாதிரி" என்றார். சரி என்று விட்டுக்கொடுத்தேன். ஒருமுறை எடுத்த பிறகு அடுத்ததற்கு எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்று ஒரு செட்டிங். அதை நான் குறைத்து வைத்தேன். ஒரு எருமை மத்தியானம் முழுக்கத் தொட்டியோரம் நின்று அசைபோட்டதில் மெமரி கார்டு முழுக்க எருமைதான். அந்தப் படங்களையும் அனுப்பினேன். "யாரு இது, உங்கம்மாவா?" என்று கேட்டார். மூன்று நாள் அவரிடம் பேசவில்லை.

எருமை ஓய்ந்தால் கோரைப்புல். காற்றில் ஆடுகிற புல்லையெல்லாம் எடுத்துத் தள்ளியது. குனிந்து புல்லை அறுத்துவிட்டு, சூட்டை உணரும் செட்டிங்கை மட்டத்துக்குக் குறைத்தேன். அதற்குப் பிறகு கீரிப்பிள்ளை, மயில், காட்டுப்பன்றி என்று ஒவ்வொன்றாக வந்தன. மான் வரவில்லை. ஆனால் தொட்டியோர ஈரத்தில் குளம்படி இருந்தது. அதைப் போனில் எடுத்து அனுப்பினேன். "மான்தாமே! மானேதான்!" என்று கத்தினார். குளம்படிக்கே இப்படிக் கத்துகிறவர் மானைப் பார்த்தால் என்ன ஆவார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள், கிணற்று மோட்டார், மிக்சி என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தவர், "கேமராவ வுட்டுட்டியேமே. அதுவும் வேல செய்யிற பொருள்தான, பொட்டு வெய்யி" என்றார். அதுவும் சரிதான் என்று கொல்லைக்குப் போய், கேமரா முகத்தில் எங்கே வைத்தால் லட்சணமாக இருக்கும் என்று பார்த்து, நல்ல கெட்டியாகச் சந்தனம் குழைத்து வைத்தேன். கற்பூரமும் காட்டினேன். மழைக்கு நனையாமல் எண்ணெய் டின்னை வெட்டி மேலே ஒரு கூரையும் போட்டுவிட்டு வந்தேன்.

அதோடு கேமரா கண்ணை மூடிக்கொண்டது. மான் என்ன, எருமைகூட விழவில்லை. கார்டைக் கழற்றி வந்து போனில் போட்டால் வெறுமை. "செட்டிங்க மட்டத்துல வெச்சிகீற, அதான். நடுவால வெய்யி" என்றார். வைத்தேன். வரவில்லை. "அப்ப ஒசத்தி வெய்யி." உயர்த்தினேன். ஒன்றுமில்லை. செல்லை மாற்றினேன், கார்டை அழித்துப் போட்டேன், நேரத்தைக் குறைத்தேன், கூட்டினேன், வீடியோவுக்கு மாற்றினேன், திரும்பப் போட்டோவுக்கு வந்தேன். ஐப்பசி மழையில் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. குளம்படி மட்டும் தினமும் இருந்தது. மான் வருகிறது, குடிக்கிறது, போகிறது, எனக்கு மட்டும் சாட்சி இல்லை. சாமி குத்தமோ என்று பயந்து, வெள்ளிக்கிழமை தோறும் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து வேண்டிக்கொண்டேன்.

கார்த்திகை போய் மார்கழி வந்துவிட்டது. அவர் குரலில் சுரத்தே இல்லை. "மான் வந்துச்சா?" என்று கேட்பதுகூடக் குறைந்துவிட்டது. திரும்ப அக்ரிமென்ட் போடக் கம்பெனியில் பேப்பர் தயாராகிறது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேமராவை மரத்திலிருந்து பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, "இந்தாங்க, நீங்களே பாருங்க உங்க பொக்கிஷத்த" என்று போனுக்கு எதிரே வைத்தேன். சோதனைக்கென்று அதில் ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டுவிட்டு எதிரே நடந்தால் சின்னச் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும். நடந்தேன். மின்னவில்லை. "குனிஞ்சி நட. மான் ஒசரத்துக்கு நட" என்றார். என் இடுப்பு வலியோடு குனிந்தும் நடந்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"கிட்டக்க காட்டு" என்றார். காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது இன்னாமே மஞ்சளா, தடிமனா?"

"பொட்டு."

"எங்க வெச்சிகீற பாரு! அடிப்பாவி, அதும்மேலயாமே வெப்ப? அந்த வில்லைதான் சூட்ட பாக்கும்! கண்ண அடச்சிட்டு, கூட்டு கொறைனு ரெண்டு பேரும் செட்டிங்க மாத்தினு இருந்தோம்!"

"யாரு வெக்க சொன்னது? நீங்கதான சொன்னீங்க? வட்டமா, அழகா, நெத்தி மாதிரி இருந்துச்சி, வெச்சேன்!"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புதிதாக வைத்ததைச் சொன்னதும் அவருக்கு மூச்சு முட்டியது. ரூமில் இருந்த பாயைக் கூப்பிட்டுச் சொன்னார், பாயும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து ஓய்ந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. சும்மா ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு மீசை நரைத்துவிட்டதை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். கேட்டிருந்தால் அந்த நிமிஷம் கேட்டிருக்க வேண்டும். "சரி, சோறு ஆறுது" என்று வைத்துவிட்டேன்.

ஈரத்துணியால் துடைத்து, செட்டிங்கை நடுவில் வைத்து, மறுபடியும் கட்டினேன். பொங்கல் முடிந்த வாரம் கார்டைப் போட்டுப் பார்த்தால், அம்மாடி! மூன்று பெட்டை, ஒரு குட்டி, பின்னால் ஒரு ஆண். ஆணுக்குக் கொம்பில் இன்னும் மெத்தென்று தோல் மூடியிருந்தது. தண்ணீரில் வாயை வைத்தபடி கேமராவையே பார்த்தது. வீட்டுக்கு வரும் வரைகூடப் பொறுக்காமல் வரப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அனுப்பினேன். இனி என்ன, பெட்டியைக் கட்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கட்டிலில் நான் போட்டுவைத்திருந்த ஜாக்கெட் துணிகளையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்தேன். தலையணை உறையைத் துவைத்துப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தார். "பாத்துட்டேன்மே. ராத்திரியெல்லாம் அதையேதான் பாத்துனு இருந்தேன். அந்தக் குட்டி கீதே, காத மடிச்சினு..." என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் அழுதேன். பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டுத் தெளிந்த குரலில் சொன்னார். "நெஜத்த சொல்றேன், எனக்கு இங்க இருப்பே கொள்ளல. பேப்பர் வேணாம், கெளம்பிடலாம்னுதான் இருந்தேன். இத பாத்தப்புறம் மனசு அடங்கிடுச்சிமே. நேர்ல வந்து பாத்த மாதிரியே கீது. இன்னும் ரெண்டு வருஷம்தான, ஓட்டிடலாம். நீ தெனம் அனுப்பிடு, எனக்கு அது போதும்."

"சரிங்க" என்றேன். வரவழைக்க அனுப்பியது அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டது. இதற்கா நான் சேற்றில் விழுந்தேன்? அவருக்கு மனசு அடங்கிவிட்டதாம். அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டின் கை இரண்டையும் மாற்றித் தைத்துத் தொலைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் கேமராவைக் கழற்றிவிடலாம் என்று கொல்லைக்குப் போனேன். புங்கமரத்திலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு திரும்பும்போது வேலியோரம் அவை நின்றுகொண்டிருந்தன. நான் அசையவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டிக்கு வந்தன. குட்டி தாயின் வயிற்றில் முட்டியது. நான் நிற்பது அவற்றுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் குடித்தன. எவ்வளவு அழகு! இவ்வளவு அழகைத் தனியாகப் பார்த்து என்ன செய்ய என்று எனக்கு அழுகை பொங்கியது. அவை போன பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னாமே, வந்துச்சா?"

"வந்துச்சி. இப்பதான் நேர்ல பாத்தேன்."

"படம் எடுத்தியா?"

"எடுக்கல. இனிமேட்டு எடுக்கவும் மாட்டேன். கேமராவ கழட்டிட்டேன். பாக்கணும்னா வாங்க. மானுக்கோசரம் இல்லன்னாலும் எனக்கோசரம் வாங்க. எனக்கு உங்கள பாக்கணும். எனக்கு இங்க தனியா இருக்க முடியல."

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"கையெழுத்து மத்தியானமே போட்டுட்டேனேமே" என்றார். "உன்னாண்ட பேசிட்டு நேரா ஆபீசுக்குத்தான் போனேன். இத்தினி வருஷத்துல நீ ஒரு வாட்டிகூட வானு கூப்ட்டதே இல்லியே. நீ இல்லாம எனக்கு ஆகல, நான் இல்லாம உனக்கு ஆவுதுனு நெனச்சேன்."

இப்போது தினமும் கூப்பிடுகிறார். மானைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் எருமை, டீ என்று எதையும் பேசுவதில்லை. எடுத்ததுமே "வாங்க" என்கிறேன். "வர்றேன்மே" என்கிறார். போனை வைத்துவிட்டுப் போய் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைகிறேன்.